கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிய கிடார்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும், ஒன்றைச் சொல்ல வரும்போது இன்னொன்று மறந்துபோகும். பக்கத்து வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள், படித்து முடித்ததும் எனக்குத் தருவார்கள். மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் என்னிடமும் ஒன்று இருக்கிறதே என்று தோன்றும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். காகிதத்தின் முன்னால் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். நான்காகவும் இருக்கலாம். விழுப்புரத்தில் எங்கள் வீட்டிலும், திண்டிவனத்தில் அதிகம் பழக்கமில்லாத ஒருவர் வீட்டிலும் நடந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற சமயம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்த கிராமத்து ஆட்கள் பை நிறையப் பச்சை மல்லாட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஒரே மகன். விழுப்புரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். கிணற்று மோட்டார், போர் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவனிடம்தான் தூக்கி வருவார்கள். நாற்பத்திரண்டு வயதில், ஒரு நாள் காலையில், கடை ஷட்டரை மேலே தள்ளியவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அவனிடம் ஆறு வருடமாக ஒரு கரண்டு கிடார் இருந்தது. குயிலாப்பாளையத்தில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு தன் நாட்டுக்குப் போனபோது அவரிடம் வாங்கியது. அது மட்டும் தனியாக இருந்தால் கொசு முனகுகிற மாதிரிதான் சத்தம் வரும். ஒயரை எடுத்துப் பெட்டியில் சொருகினால் வீடே அதிரும். பழைய ஸ்பீக்கர் ஒன்றை வைத்து அந்தப் பெட்டியையும் என் மகனே செய்துகொண்டான்.

அவன் வாசித்ததெல்லாம் ஒரே பாட்டு. பாட்டுகூட இல்லை, ஒரு பாட்டின் தொடக்கத்தில் வருகிற சின்னத் துண்டு. நான் பாவாடை கட்டிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் வாசித்ததாம். கிடார் பிடிக்கிறவர்கள் முதலில் பழகுவது அதைத்தானாம். அதன் பெயரைச் சொல்லியிருக்கிறான், என் வாயில் நுழையவில்லை. கனமான குடத்தோடு படி ஏறுகிறவளைப் போல நாலு அடி ஏறும். மூச்சு வாங்க நிற்கும். மறுபடி ஏறும். மூன்றாவது தடவையும் ஏறி, அப்புறம் தடதடவென்று இறங்கிவிடும். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைத் தொடங்குவான். என் மருமகளும் உள்ளேதான் இருப்பாள். அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். முதலில் ஒரு தடவை அழகாக வரும். அதற்குப் பிறகுதான் வேதனை. ஏறும், தடுக்கும், தப்பான இடத்தில் விழும், திரும்ப முதலிலிருந்து வரும். அவன் போவதற்கு முந்தைய ஆறு மாதம் தினமும் இதுதான்.

"ஏன்டா, மண்ணு பூந்த மோட்டாரு மாதிரி இன்னாடா அது? வரலன்னா வுட்டுத் தொலையேன்டா!" என்று வெளியிலிருந்து கத்துவேன்.

"வரும்மா, வரும். நீ போய் காப்பிய வையி" என்பான். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். இறந்தவருடைய துணிமணிகளை முப்பதாம் நாள் பூசைக்குள் யாருக்காவது கொடுத்துவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். போனவர் பொருள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் எழுந்து நடமாட முடியாது என்று என் மாமியார் சொல்வார். அடக்கம் முடிந்த பத்தாவது நாளோ என்னவோ, மருமகளின் அண்ணன் வந்து அவளைத் திருவெண்ணெய்நல்லூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அழைத்துப்போனான். அவள் இல்லாத அந்த நாலு நாளில் நான் பீரோவைத் திறந்து சட்டை, வேட்டி, செருப்பு எல்லாவற்றையும் கொடுத்து முடித்தேன். அவளுக்குப் பாரம் குறையட்டும் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து ஒருவர் கடையில் விட்டிருந்த மோட்டாரைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணங்களில் கச்சேரி வாசிக்கிறவர் என்று மகன் சொல்லியிருக்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது சுவரில் ஆணியில் தொங்கிய கிடாரை ஒரு பார்வை பார்த்தார். வாசிக்கத் தெரிந்தவர், இவரிடம் போனால் நல்லதுதானே என்று தோன்றியது. "எடுத்துக்கினு போப்பா" என்று நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்தினேன். பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அது கடைச் சாமான் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மருமகள் வந்தாள். பையை வைத்தாள். சுவரைப் பார்த்தாள்.

"அத்தே, கிடாரு எங்கங்க அத்தே?"

"குடுத்துட்டம்மா. வாசிக்கிற ஆளு ஒருத்தரு வந்தாரு."

"சரிங்க அத்தே."

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று அவர்கள் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். குழந்தை இல்லை. என்னோடு கிடந்து என்ன செய்வாள்? நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் பேச்சே நின்றுபோனது. கேட்டதற்குப் பதில் வரும், அதோடு சரி.

பூசைக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது ஒரு நாள் அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் துடுப்பு. இடது கை சும்மா இருக்காமல் பக்கத்தில் கிடந்த கரண்டிக் காம்பைப் பிடித்திருந்தாள். நான் மல்லாட்டை உரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இடது கை விரல்கள் காம்பின் மேல் அழுந்தின, எழுந்தன, நகர்ந்தன. நாலு தடவை அழுத்தினாள், நிறுத்தினாள், மறுபடி அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் என் காதுக்குள் அந்தப் பாட்டு கேட்டது. குடத்தோடு படி ஏறுகிற அதே பாட்டு. மூன்றாவது ஏற்றத்தில் விரல் நின்றுவிட்டது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

எனக்கு மல்லாட்டை கையிலேயே நின்றுவிட்டது.

"நீயாம்மா?" என்றேன். "அத்தனை நாளும் தப்புத் தப்பா வாசிச்சது நீயா?"

துடுப்பை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஆமாங்க அத்தே. அவரு சொல்லிக் குடுத்தாரு. நான் வாசிக்கிறன்னு தெரிஞ்சா நீங்க இன்னா சொல்லுவீங்களோன்னு, அவரு வாசிக்கிற மாதிரியே திட்டு வாங்கிக்கினாரு. முக்காவாசி வந்துடுச்சி அத்தே. இப்ப கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கினு வருது."

இடது கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனிகள் நாலும் காய்ப்புக் காய்ச்சியிருந்தன. அந்தக் காய்ப்பு இப்போது வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. "இது போயிடுச்சின்னா மறுபடி மொதல்லேந்துங்க" என்றாள்.

நான் கொடுத்தது மகனுடைய பொருளை என்று நினைத்திருந்தேன். அது இவளுடையது. கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இவள் வெறுங்கையோடு இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறாள்.

மறுநாள் காலையில் கடை நோட்டைப் புரட்டினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என் மகன் கையெழுத்தில் அந்த மோட்டாருக்கு நேராகத் திண்டிவனமும் தெருவும் எழுதியிருந்தது. மருமகளிடம் கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் தனியாக பஸ்ஸில் வெளியூர் போனது அதுதான் முதல் தடவை. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கப் போவதும் அதுதான் முதல் தடவை. இறங்குகிறவரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கியதும் ஒரு வார்த்தை நினைவில்லை.

வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். உட்காரவைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். கிடார் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது. புதுக் கம்பி மாற்றி, துடைத்து, பளபளவென்று இருந்தது.

"பாருங்கம்மா, உங்க வூட்டுக் கிடாரு வந்ததுலேந்து இந்த மனுசன் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. புதுப் பொண்ணு கட்டிக்கினு வந்த மாதிரி பக்கத்துலயே குந்திக்கினு கெடக்கறாரு" என்று அந்த அம்மாள் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கல்யாணக் கச்சேரியாம், அதற்கு இதைத்தான் எடுத்துப்போகப் போகிறாராம்.

என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அவர் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று பொய் சொன்னேன். காப்பி குடித்தேன். எழுந்தும் விட்டேன். வாசல்படி வரைக்கும் போய்த் திரும்பி நின்றேன்.

"ஒருவாட்டி வாசிச்சிக் காட்டுப்பா" என்றேன். "எம் புள்ளை ஒண்ணு வாசிப்பான்."

"இன்னா பாட்டும்மா?"

பெயர் தெரியாதே. அதனால் வாயாலேயே முனகினேன். வேறு வீட்டில், தெரியாத மனிதர்கள் முன்னால், இந்த வயதில். "டும், டும், டும், டூம்..." முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"அட, அதுவா!" என்று அவர் கிடாரை எடுத்து மடியில் வைத்து ஒரே மூச்சில் வாசித்தார். சுத்தமாக இருந்தது. தடுக்கலே இல்லை.

"இது இல்லப்பா" என்றேன்.

"இதாம்மா. ஒரிஜினலே இதான். முப்பது வருசமா வாசிக்கிறேன்."

"மூணாவது ஏத்தத்துல ஒரு எடம் வரும்ப்பா. நீ டக்குனு போயிட்ட. அவன் அங்க இழுத்துக்கினு போவான்."

சொன்னபிறகுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு வருடம் வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டேன், ஆனால் ஒரு புள்ளி விடாமல் காதில் ஏறியிருக்கிறது. அவர் இரண்டு மூன்று விதமாக வாசித்துப் பார்த்தார். இல்லை, இல்லை என்றேன். கடைசியில் ஒரு விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல், கம்பிக்கு அடியில் இருக்கிற ஐந்தாவது கட்டத்திலிருந்து ஏழாவது கட்டத்துக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு போனார்.

என் மகன் அந்த அறையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தன்னுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு சுண்டு வெரலு நீளாது இல்லம்மா?" என்றார் மெதுவாக. "மோட்டாரு தூக்கும்போது பாத்திருக்கேன்."

ஆமாம். இருபது வயதில் காயில் சுற்றுகிற மெஷினில் மாட்டி, இடது சுண்டுவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. எட்ட வேண்டிய இடத்துக்கு அது எட்டாது. அதனால் பக்கத்து விரலால் அங்கே வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதையேதான் இவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள், காய்ப்பு, கரண்டிக் காம்பு, நான் கேட்காமல் கொடுத்தது. எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்து உறைல போடுங்க. இன்னா பாத்துக்கினு கீறீங்க?" என்று கணவரை அதட்டினார்.

அவர் உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, ஒயரையும் சுருட்டி வைத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தானே தூக்கி வந்தார். கச்சேரிக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். பழசு ஒன்று இருக்கிறது, கம்பி மாற்றிக்கொள்கிறேன் என்றார். பஸ் கிளம்புகிற நேரம் ஜன்னலில் கை வைத்து, "கிடாரு போவட்டும்மா. அந்த இழுப்பை நான் வச்சிக்கறேன்" என்றார்.

கிடாரை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்தார்.

"ஆயா, இன்னா ஆயா அது, ஆள் ஒசரத்துக்கு?"

"கிடாருப்பா."

"அய்ய! நீ வாசிப்பியா ஆயா?"

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

"எம் மருமவ வாசிப்பா" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். உறையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து கொசு முனகுகிற மாதிரி சத்தம் வந்தது. முப்பதாம் நாள் பூசை முடியாமல் எங்கள் வீட்டில் டிவிகூடப் போடமாட்டோம், அதனால் பெட்டியில் சொருகாமலே வாசிக்கிறாள்.

நான் உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, தூசி தட்டி, பிளக்கை நானே சொருகினேன். "சொவுரு அதிர வாசிம்மா" என்றேன்.

ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்று, "இன்னாக்கா, எழவு வுழுந்த வூட்டுல முப்பதுகூட ஆவல, அதுக்குள்ள பாட்டா?" என்று கேட்டார்.

"பாட்டு இல்லம்மா. பாடம். எம் புள்ளை பாதியில வுட்டுட்டுப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஆறு வருடமாக அந்தக் கதவுக்கு வெளியில் நின்றவள், அன்றைக்குத்தான் உள்ளே நின்று சாத்தினேன்.

மூன்றாவது ஏற்றத்தில் அவள் நின்றுவிட்டாள். "இதுக்கு மேல மறந்துடுச்சிங்க அத்தே."

நான் முனகிக் காட்டினேன். கிடைக்கவில்லை. மறுபடி முனகினேன். "அங்கதான் இழுப்பான். வெரலை எடுக்காத, அப்பிடியே இழு" என்றேன். அவள் இழுத்தாள். கிடைத்துவிட்டது. அவள் கையிலிருந்து, கம்பியைத் தட்டுகிற பிக் கீழே விழுந்தது. அதன்பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம். அடக்கத்தன்று கூட அப்படிச் சேர்ந்து அழவில்லை.

பூசை முடிந்ததும் முன்பே பேசியபடி அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. இப்போது அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கிடார் அவளிடம் இருக்கிறது. பெட்டி மட்டும் கனம் என்று சொல்லி இங்கேயே வைத்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போகலாம், ஆட்டோ வைத்தால் ஆகாதா என்ன? அவளும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கிடாரைக் கொண்டுவந்து பெட்டியில் சொருகி வாசித்துவிட்டுப் போகிறாள். இப்போது தடுக்கலே இல்லை. என் விரலையும் பிடித்துக் கம்பியில் வைத்துப் பழக்கிவிட்டாள். கம்பி கத்தி மாதிரி வெட்டுகிறது, எப்படித்தான் ஆறு மாதம் பொறுத்தாளோ. எனக்கு முதல் நாலு அடி வரும். அதற்கு மேல் வராது, பரவாயில்லை.

ஒருவர் கையில் இருக்கிற பொருள் யாருடையது என்று தெரிந்துகொள்ள, கதவைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். ஒரு நாளும் திறக்காமல் வெளியில் நின்று கத்திவிட்டேனே என்கிற நினைப்பு, பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வருகிறது.

இதில் வருடம், நாள் கணக்கு, நான் எழுதிய கட்டத்தின் எண் எல்லாம் தப்பாக இருக்கலாம். அடுத்த ஞாயிறு மருமகள் வந்தால் காட்டுகிறேன், அவள் பார்த்துத் திருத்தட்டும். அவளுக்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட்டால் நீங்களே யாரையாவது கேட்டுச் சரிபாருங்கள். கிடார் தெரிந்தவர்கள் மூன்றாவது ஏற்றத்தில் அந்த இழுப்பு தப்பு என்று சொல்வார்கள். அதை மட்டும் திருத்தவேண்டாம்.